வழிவிட்டவர்

வெந்நீர்க்குழிக்குப் போகும் பாதையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். எட்டுக் கிலோமீட்டர் மலைப்பாதை. முதல் ஒரு கிலோமீட்டருக்குத் தார் உண்டு, அது எந்த எலெக்‌ஷனுக்குப் போட்டது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு ரப்பர் எஸ்டேட்டின் செம்மண்ணும் உருளைக்கல்லும்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். இரண்டு ஜீப்புகள் ஒன்றையொன்று தாண்ட மொத்தம் மூன்று இடங்கள் உண்டு. அவற்றை நாங்கள் ஒதுக்கு என்போம். மேலே ஆனைப்பாறை ஒதுக்கு, நடுவில் குருசடி ஒதுக்கு, கீழே பலாமூட்டு ஒதுக்கு.

இந்தச் சட்டத்துக்கு விலக்கும் ஒன்றே ஒன்றுதான். பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டு, ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஒரு வண்டி இறங்கினால், உள்ளே உயிருக்குப் போராடும் ஆள் கிடக்கிறது என்று அர்த்தம். மலையில் போன் எடுக்காது, ஆம்புலன்ஸ் ஏறாது. பாம்பு கடித்த ரப்பர் பால்வெட்டுக்காரனையும் பனிக்குடம் உடைந்த பெண்ணையும் இந்த லைட்தான் கீழே கொண்டு சேர்த்திருக்கிறது. அந்த லைட்டைக் கண்டால் யாராக இருந்தாலும் பின்னால் போய் வழி விட்டே ஆக வேண்டும். பொய்க்கு லைட் போடுகிறவன் எங்கள் ஸ்டாண்டில் வண்டி ஓட்டக் கூடாது. இது பதினெட்டு ஜீப்புக்காரர்களும் சேர்ந்து வைத்த கட்டுப்பாடு.

ஒரு நாள் நான் பொய்க்கு லைட் போட்டேன்.

பதினெட்டு ஜீப்பில் பெண் ஓட்டியது என்னுடையது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ஜிபினுக்கு முதுகெலும்பில் தட்டு விலகியதில் இருந்து மூன்று வருஷமாக நான்தான் ஓட்டி வந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். சும்மா சொல்கிறார்கள், மூக்கு வரை வர என் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கு வெந்நீரில் குளித்துவிட்டு இறங்கிய என் பார்ட்டிக்கு மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது, சீக்கிரம், சீக்கிரம் என்று கழுத்தறுத்தார்கள். எதிரே சுயம்புராஜ் அண்ணனின் ஜீப் ஏறி வந்தது. சட்டப்படி நான்தான் பின்னால் ஏறி ஒதுங்க வேண்டும். "பொம்பளைக்கு ரிவர்ஸ் வராது" என்று அந்த வாரம்தான் அவர் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்திருந்தார். கல்யாணம் ஒரு சாக்கு. அவர் ரிவர்ஸ் எடுப்பதை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். லைட்டைப் போட்டேன், ஹாரனை அழுத்தினேன்.

பாவம், பதறிப்போய் இரண்டு வளைவு பின்னாலேயே இறங்கினார். போகிற போக்கில் பாறையில் உரசி வண்டியின் ஒரு பக்கம் முழுவதும் நசுங்கியது. பலாமூட்டு ஒதுக்கில் நான் தாண்டும்போது எட்டிப் பார்த்தார். பட்டுச்சேலையும் மல்லிப்பூவுமாக ஏழு பேர் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். நான் கையை ஆட்டிவிட்டுப் போனேன்.

சாயங்காலம் ஸ்டாண்டில் அவர் சண்டை போடவில்லை, செக்ரட்டரி தாணுவிடம் புகாரும் செய்யவில்லை. ஜிபின் போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். இரண்டு பேரும் ஒன்றாகக் கிளீனர் வேலை பார்த்து ஒன்றாக லைசென்ஸ் எடுத்தவர்கள். எங்கள் கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சர்ச்சுக்குக் கொண்டுபோனது சுயம்பு அண்ணனின் ஜீப்தான். அண்ணன் ஜிபினின் தோளில் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உனக்க லைட்டுக்கு இனி நான் ஒதுங்க மாட்டேன், கேட்டியா? நீயே செத்துக் கெடந்தாலும் ஒதுங்க மாட்டேன்."

"செத்துக் கெடந்தா நான் எப்பிடி லைட்டுப் போடுவேன்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

வெந்நீர்க்குழி என்பது ஒன்றல்ல, இரண்டு. கீழே இருப்பதில் ஓடைத்தண்ணீர் வந்து கலப்பதால் இளஞ்சூடாக இருக்கும். வருகிறவர்கள் அதில்தான் இறங்குவார்கள். மூட்டு வலிக்கு நல்லது, சொறிக்கு நல்லது, பிள்ளை இல்லாதவர்களுக்கும் நல்லது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அதற்குப் பத்தடி மேலே ஊற்றுக்கண் இருக்கிறது, கொதிகுழி என்று பெயர். முட்டையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். அதைச் சுற்றி மூங்கில் வேலி போட்டிருந்தோம். மழையில் அது இற்றுப்போயிருந்தது. சனிக்கிழமை கூட்டம் வருவதற்கு முன்னால் வேலியைச் சரி செய்ய வேண்டும் என்று தாணு சொல்ல, ஜிபின் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார். முதுகு வலிக்காரருக்கு எதற்கு இந்த வேலை என்று நான் கத்தினேன். வீட்டிலேயே கிடந்து அலுத்துப்போச்சு என்றார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கே நாங்கள் இருவரும் மேலே போய்விட்டோம். நான் வண்டியில் இருந்து மூங்கிலை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் குழியோரம் நின்று பழைய வேலிக் குற்றியைப் பிடுங்கினார். குற்றி வரவில்லை. காலை அகட்டி, பலம் கொடுத்து இழுத்தார். குற்றியோடு கரையும் பெயர்ந்தது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மனுஷன் கத்துகிற மாதிரி இல்லை. நான் ஓடிப் போகும்போது அவர் இடுப்பளவு கொதிநீரில் நின்று கரையைப் பிராண்டிக்கொண்டிருந்தார். பிடித்த இடமெல்லாம் மண் பெயர்ந்து கையோடு வந்தது. நான் குப்புறப் படுத்து அவருடைய இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இழுத்தேன். என் முழங்கை தண்ணீரில் பட்டது, அந்த இடத்துத் தோல் இன்றைக்கும் வெளுத்துத்தான் இருக்கிறது. மூன்றாவது இழுப்பில் மேலே வந்தார். காலில் இருந்து டிராக் பேண்டை உருவப் பார்த்தேன். துணியோடு தோலும் சேர்ந்து காலுறை மாதிரி கழன்றது. விட்டுவிட்டேன்.

ஓடைக்கு இழுத்துப் போய்த் தண்ணீரில் கிடத்தினேன். முதலில் அலறினார், பிறகு நடுங்கினார், அப்புறம் சத்தமே இல்லை. சத்தம் போடும்போது கூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. காட்டுவாழையின் இலைகளை வெட்டி ஜீப்பின் பின்னால் தரையில் விரித்தேன். எழுபத்திரண்டு கிலோ ஆளை எப்படித் தூக்கினேன் என்று பிற்பாடு போலீஸ் கேட்டார்கள். எனக்கே தெரியாது. தலை என் சீட்டுப் பக்கம் இருக்கும்படி குப்புறக் கிடத்தி, இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில் சாக்கை மடித்து, முகம் முன்னோக்கி இருக்கும்படி அதன்மேல் தாடையை உயர்த்தி வைத்தேன். கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. நினைவு இல்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

லைட்டைப் போட்டேன். ஹாரனை அழுத்தினேன். "கர்த்தாவே, இந்த ஒருக்கா" என்று சொன்னேன். வேறு ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

ஆனைப்பாறை தாண்டியது, குருசடி தாண்டியது. குருசடியில் இருந்து இரண்டு வளைவு இறங்கியதும் எதிரே அன்றைய முதல் வண்டி ஏறி வந்தது. நசுங்கிய பக்கத்துக்குப் புது பெயின்ட் அடித்திருந்தது. சுயம்பு அண்ணனின் ஜீப்.

நின்றார். நானும் நின்றேன். இரண்டு பம்பருக்கும் நடுவில் பத்து எட்டு தூரம் இருக்கும். அவர் வண்டியில் மதுரைப் பக்கத்துக் குடும்பம், நாலு பேர். அவர் தலையை வெளியே நீட்டினார்.

"லைட்ட அணச்சிட்டுப் பொறத்தால ஏறுட்டி."

"அண்ணே! இது பொய்யில்ல அண்ணே! அத்தான் கொதிகுழில விழுந்துட்டாரு! கெடக்காரு அண்ணே, பின்னால கெடக்காரு!"

"ஜிபினா? சனியாழ்ச்ச காலத்த எட்டு மணிக்கு மின்ன அவன் எப்பம் எழும்பியிருக்கான்?" அவர் தன் பார்ட்டியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இவளுக்கு இதே பொழப்பாக்கும். போன மாசம் ஒரு கல்யாண வீட்டையே சாவக் கெடக்குன்னு எறக்கிட்டுப் போனா."

அவர்களும் சிரித்தார்கள். புலி வருது, புலி வருது கதையைச் சின்ன வயதில் நானும் படித்திருக்கிறேன். புலி வந்த அன்றைக்கு அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

பத்து எட்டு நடந்து வந்து எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. அந்தப் பத்து எட்டை நடப்பதே தோல்வி என்று அவர் நினைத்தார். அவர் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானே பின்னால் ஏறி குருசடிக்குப் போயிருக்கலாம். இரண்டு வளைவுதான், ஐந்து நிமிஷம். எனக்கு ரிவர்ஸ் வரும். ஆனால் உண்மையாகவே ஆளை வைத்துக்கொண்டு இறங்கும்போது நான் ஏன் ஏற வேண்டும் என்று நெஞ்சில் ஒன்று திமிறிக்கொண்டு நின்றது. உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் நியாயம் பார்க்கிற புத்தி என்னுடையது.

இறங்கி ஓடினேன். அவர் ஜீப்புக்குக் கதவு கிடையாது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

"வந்து பாரும்! ஒருக்கா வந்து பாரும்!"

"கைய எடுட்டி!"

எடுக்கவில்லை. அவர் காலைத் தூக்கி என் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். பாதையில் மல்லாந்து விழுந்தேன். தண்ணீர் பட்டு வெந்திருந்த முழங்கை கல்லில் உரசியது. வலியில் கண் இருண்டது. எழுந்தபோது நான் அவர் பக்கம் போகவில்லை, என் வண்டிக்குப் போனேன். சீட்டுக்கு அடியில் இருந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவர் இறங்கி நின்றார். கன்னத்தில் இரண்டு அறை விட்டார். மூன்றாவது அறைக்குக் கை ஓங்கும்போது ஸ்பேனரை வீசினேன். வலது புருவத்துக்கு மேலே பட்டது. தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் கொட்டியது. அவர் ஆத்திரத்தில் என் முடியைப் பிடித்து, தலையை அவருடைய பானெட்டில் இடித்தார். ஒருமுறை, இன்னொரு முறை. என் பல் உதட்டில் குத்தி வாய் நிறைய உப்புக் கரித்தது. நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பு தட்டுகிற வரை கடித்தேன். மதுரைக்காரர்கள் வண்டியில் இருந்து குதித்து ஓடினார்கள். அவர்களில் ஒரு பெண் பயத்தில் திசை தெரியாமல் மேலே, என் ஜீப்பின் பின்பக்கமாக ஓடினார்.

அந்தப் பெண் போட்ட கூச்சலில் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"ஐயோ, வாங்களேன்! இங்க ஒரு மனுஷன் வெந்து கெடக்காரு!"

சுயம்பு அண்ணன் என் முடியை விட்டார். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தப் பத்து எட்டை நடந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"ஜிபினே... மக்கா..." என்றார். அப்புறம் உள்ளங்கையால் தன் தலையில் ஓங்கி அடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "ஒரு வார்த்த ஒழுங்கா சொல்லப்பிடாதா?" என்று அழுதார்.

"சொன்னேனே!" என்று கத்தினேன். "தொண்ட கிழியச் சொன்னேனே! சிரிச்சீரே!"

அவர் ஓடினார். மதுரைக்காரர்களைப் பாதையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி ரிவர்ஸ் எடுத்தார். பலாமூட்டு ஒதுக்கு அங்கிருந்து நானூறு அடிதான். ஒரே ஒரு வளைவு. நானும் ஏறி வண்டியை எடுத்தேன்.

இனி நடந்ததை நான் போலீசில் சொல்லவில்லை, பாஸ்டரிடம் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட நேரடியாகச் சொன்னதில்லை.

அவர் வழி விட்டுவிட்டார். அதுதான் உண்மை. வலது பக்கம் உடம்பை வெளியே சாய்த்து, பள்ளத்து ஓரச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். அந்தப் பக்கத்துக் கண்ணில்தான் ரத்தம். இரண்டு எட்டுக்கு ஒருமுறை தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதனால் மெதுவாகத்தான் போக முடிந்தது. நான் அவருடைய பம்பரில் என் பம்பரை ஒட்டினேன். ஒட்டி, தள்ளினேன். அவர் திரும்பிப் பார்த்தார். வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் காற்றைத் தட்டினார். பைய, பைய. குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோலத் தட்டினார்.

அந்தக் கையை நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். கடித்த இடத்தில் என் பல் பதிந்திருந்ததைக்கூடப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரில் காலை அழுத்தினேன்.

என் வீட்டுக்காரரின் உயிருக்காக என்று சொன்னால் கேட்பவர்கள் நம்புவார்கள். ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஜிபின் இல்லை. அவர் சிரித்த சிரிப்பு இருந்தது. நெஞ்சில் உதைத்த கால் இருந்தது. "பொம்பளைக்கு ரிவர்ஸ் வராது" இருந்தது. இப்போது நீ போ பின்னால், போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். வளைவில் அவர் ஸ்டியரிங்கை ஒடிக்கப் பார்த்தார். ஒடிக்க விடாமல் நேராகத் தள்ளினேன்.

பின்சக்கரம் முதலில் இறங்கியது. ஜீப்பின் மூக்கு மேலே எழும்பி, ஒரு நொடி என் கண்ணுக்கு நேரே நின்றது. கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. கோபம் எதுவும் இல்லை, இவள் என்ன செய்கிறாள் என்று புரியாத முகம். அப்புறம் முன்னால் வானம் மட்டும்தான் இருந்தது. ரப்பர் மரங்கள் முறிகிற சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பாறையில் மோதி நின்றது. அவருடைய ஹாரன் தானாக அடிக்கத் தொடங்கியது.

நான் நிற்கவில்லை. காலியாகிவிட்ட பாதையில் இரண்டாம் கியர் போட்டு இறங்கினேன். வளைவுக்கு மேலே நின்ற மதுரைக்காரர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது, சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

ஸ்டாண்டில் தாணுவும் மற்றவர்களும் ஓடி வந்து ஜிபினை இறக்கினார்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை ஈரத்துணி போட்டார்கள். "சுயம்பண்ணனுக்க வண்டி பலாமூட்டுக்கு மேல பள்ளத்துல மறிஞ்சு கெடக்கு, ஆளு போங்க" என்று சொன்னேன். அதையாவது சொன்னேன். ஏழு பேர் கயிறும் கட்டிலுமாக ஏறினார்கள். பாதி வழி கொண்டு வருவதற்குள் அவர் போய்விட்டார். நான் நின்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

மதுரைக்காரர்கள் சண்டையைச் சொன்னார்கள், ஸ்பேனரைச் சொன்னார்கள். ஆனால் கடைசியில் அவர் ஓடிப் போய் வண்டி எடுத்ததையும், அழுததையும் சேர்த்துச் சொன்னார்கள். அவசரத்தில், ரத்தம் வழியும் கண்ணோடு ரிவர்ஸ் எடுத்து ஓரம் இடிந்து விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டார்கள். அடித்ததற்கு என்மேல் ஒரு கேஸ் போட்டு ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நெற்றியில் நாமமும் தலையில் தலைப்பாகையுமாக சுயம்பு அண்ணன் சிரித்தார். கீழே, உயிர் கொடுத்து வழிவிட்ட உத்தமர் என்று போட்டிருந்தது. நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். வண்டியையும் தொடவில்லை.

ஜிபின் பிழைத்தார். வயிற்றில் இருந்து தோல் எடுத்துக் காலில் ஒட்டினார்கள். ஒட்டியது அழுக, மறுபடி முதுகில் இருந்து எடுத்து ஒட்டினார்கள். டிரெஸ்ஸிங் மாற்றும்போது வார்டு முழுவதும் கேட்க அலறுவார். மற்ற நேரங்களில் பேசவே மாட்டார். தண்ணீர், மாத்திரை, திருப்பிப் போடு, இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. வலி என்று டாக்டர் சொன்னார். நானும் வலி என்றே நினைத்தேன்.

நாற்பத்தோராவது நாள் சுயம்பு அண்ணனின் மனைவி முத்துக்கனி அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னைக் கிழிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், நல்லது என்றுகூட இருந்தது. அவர் கையில் ஒரு தூக்குப்பாத்திரம் இருந்தது. உள்ளே சூடாகச் சிறுபயறு கஞ்சி. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜிபினுடைய தலையைத் தடவினார்.

"உனக்க அண்ணன் வழி விட்ட உசிராக்கும் இது. நல்லா இருக்கணும், கேட்டியா மக்கா?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "மண்டையில அடிச்சியாமே?"

"ஆமாக்கா."

"நானா இருந்தா கொன்னே போட்டிருப்பேன். கெட்டினவன் சாவக் கெடக்கும்போ எவளுக்கு கை நிக்கும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரும் வெறும் வீம்புக்காரருதான். ஆனா கடைசி நேரத்துல நல்லது செய்துட்டுப் போயிட்டாரு. அத நெனச்சுத்தான் ராத்திரி கண்ண மூடுதேன்."

அரை மணி நேரம் இருந்துவிட்டு, பாத்திரத்தை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். நான் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு ஸ்பூன் எடுத்து ஜிபினுடைய வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"அவன் கை காட்டுனான், ஷைஜா."

ஸ்பூன் என் கையிலேயே நின்றது.

"பைய வான்னு கை காட்டுனான். நான் பாத்துட்டுத்தான் கெடந்தேன்."

நாற்பத்தொரு நாள் இந்த மனிதர் வலியில்தான் பேசாமல் கிடக்கிறார் என்று நினைத்துத் துடைத்தேன், புரட்டினேன், மலம் அள்ளினேன். அவர் என்னைப் பார்க்கப் பிடிக்காமல் கிடந்திருக்கிறார்.

"உங்களுக்காகத்தான் அத்தான்..." என்று தொடங்கினேன். முடிக்க வரவில்லை. அவரிடம் அதுவரை நான் பொய் சொன்னதில்லை. "இல்ல. கோவத்துல. கோவத்துலதான் தள்ளுனேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் கண்ணோரம் வழிந்து தலையணையில் இறங்கியது.

"அவ இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டா. போ. அவளுக்க மொகத்தப் பாத்து அந்தக் கஞ்சிய என்னால குடிக்க முடியாது."

"சொன்னா ஜெயிலுக்குப் போவேன் அத்தான். உங்கள யாரு பாப்பா?"

"போ" என்றார்.

மூன்று மாடியும் படியில் இறங்கினேன். லிஃப்டுக்குக் காத்திருந்தால் மனது மாறிவிடும் என்று பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில், பஸ் ஸ்டாப்பில், வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு முத்துக்கனி அக்கா நின்றிருந்தார். நான் ஓடி வருவதைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"பாத்திரம் தரவா இந்த ஓட்டம் ஓடி வாற? பொறவு வாங்கமாட்டேனா பிள்ளே?"

தக்கலை பஸ் வந்து நின்றது. அவர் கம்பியைப் பிடித்தார். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். கண்டக்டர் ஏறுகிறீர்களா இல்லையா என்று கத்தினார், அப்புறம் விசில் அடித்தார். பஸ் போனது.

"அக்கா, அண்ணன் வழி விட்டுட்டாரு," என்றேன். "அதுக்குப் பொறவும் நான் தள்ளுனேன்."